கொதிகலன் அறைச் சாவி

குன்றின் மேலிருக்கும் அந்தப் பள்ளிக்குப்
பதினாறு வருடமாகப் போய்வருகிறேன்,
பின்வாசல் வழியாக.
குப்பைத் தொட்டிகளைத் தாண்டி
ஏழு படி இறங்கினால் கொதிகலன் அறை.
அதன் சாவி என்னிடமே இருக்கிறது.
எந்த வகுப்பு ரேடியேட்டர் இருமும்,
எது நவம்பரில் மட்டும் செத்துப்போகும்,
எல்லாம் மனப்பாடம்.
தலைமையாசிரியர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள்.
குழாய்கள் அதே குழாய்கள்.

ஒரு காலத்தில் நானும் அங்கே சேர எழுதினேன்.
தடித்த உறை வந்தால் உள்ளே,
மெல்லிய உறை வந்தால் வெளியே.
டெரியில் அது எல்லாத் தெருவுக்கும் தெரியும்.
உறையை நீட்டியபோது தபால்காரர்
என்னைப் பார்க்கவில்லை,
நாயைப் பார்த்தார்.

இப்போது ஓரன்.
சமையலறை மேசையில் பழைய வினாத்தாள்கள்,
ஊறிப்போன தேநீர்ப் பை, ரப்பர் துகள்.
ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும்,
இன்னொன்று ஆறு மணி நேரத்தில்;
இரண்டையும் திறந்தால்?
எனக்குத் தெரிந்த ஒரே பாடம் வந்துவிட்டதென்று
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
குழாயின் விட்டம் என்ன,
தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது,
அழுத்தம் எவ்வளவு?
"அழுத்தத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அப்பா.
இரண்டு மணி நேரம்"
என்றான், பென்சிலைக்கூடத் தொடாமல்.

பிரோனாவின் அத்தை ஒரு படம் அனுப்பியிருந்தாள்:
குப்பர்த்தீனோ நகர்ப் புனித யோசேப்பு,
தேர்வு எழுதுகிறவர்களின் பாதுகாவலர்.
அவருக்குப் படிப்பு ஏறவில்லையாம்;
ஜெபிக்கும்போது அவரே காற்றில் ஏறிவிடுவாராம்.
"அப்படிப்பட்டவர் எனக்கு எதற்கு?" என்றான் ஓரன்.
பிரோனா சிரித்துக்கொண்டே
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.
காந்தம் பழையது. பறக்கிற புனிதர்
தினமும் ஒரு விரற்கடை கீழே இறங்குகிறார்.

பக்கத்து வீட்டு டீர்னன் எழுதவில்லை.
பத்து வயதில் பிள்ளையை எதற்குத் தராசில் ஏற்ற வேண்டும்
என்றாள் அவன் அம்மா.
அதிலும் நியாயம் இருந்தது.
அன்றிலிருந்து இரண்டு பையன்களும்
வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக
ஆளுக்கொரு பந்தை உதைக்கிறார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை,
யாரும் கூப்பிடாமலே போனேன்.
பெரிய மண்டபத்தில் நூற்றெண்பது மேசைகள்.
இவனுடையது எது என்று எனக்குத் தெரியாது.
அதனால் பதினான்கு ரேடியேட்டரிலும்
அடைந்திருந்த காற்றைத் திறந்துவிட்டேன்.
சீறும், துப்பும்,
பிறகு மெல்லச் சூடேறும்.
ஒவ்வொன்றிலும் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.
பில்லில் இதை எழுதவில்லை.

மறுநாள் முன்வாசல்.
மிதியடியில் பூட்ஸை இரண்டு தடவை தேய்த்தேன்.
அவனை உள்ளே விட்டுவிட்டு
மழையில் வேனுக்குள் காத்திருந்தேன்.
சுற்றிலும் கார்கள்,
மூச்சுப்பட்டுப் புகைந்த கண்ணாடிகள்,
ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.
நண்பகலில் வந்தான்.
எப்படி என்று கேட்டேன்.
"உள்ளே ஒரே புழுக்கம், அப்பா.
ஒரு பையனுக்கு மயக்கமே வந்துவிட்டது."

சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

ஜனவரியில் மதிப்பெண் வந்தது.
அழவும் விடாத, ஆடவும் விடாத ஓர் எண்.
இடம் உண்டா இல்லையா என்பது மே மாதம்தான் தெரியும்.

மார்ச்சில் பள்ளியிலிருந்து போன்: வால்வு கசிகிறது.
அலுவலகத்தில் மிசஸ் மக்கில்லன் தேநீர் கொடுத்தாள்.
அவளுக்குப் பின்னால் அலமாரி,
அதில் விண்ணப்பங்கள், அகர வரிசையில்.
எங்கள் எழுத்து மூன்றாவது தட்டில் இருந்தது.
"ஓரன் எப்படி இருக்கிறான்?" என்றாள்.
என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.
உயரமாகிவிட்டான் என்றேன்.
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஏழு படி.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
எங்கே சொட்டுகிறது என்று
காது கொடுத்துக் கேட்டேன்.